எந்த நிறுத்தம்?

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி இயந்திரம் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பொத்தானில் ஃபீட் ஹோல்டு என்றிருக்கிறது. உதவித் திரையில் அதையே ஓரிடத்தில் ஸ்டாப் என்கிறார்கள், இன்னோரிடத்தில் பாஸ் என்கிறார்கள். சுவரில் ஒட்டிய தாளில் ‘நிறுத்தவும்’ என்று மட்டும் இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா?”

ஒன்றல்ல. அந்த இயந்திரத்தில் குறைந்தது ஐந்து நிறுத்தங்கள் உண்டு. ஃபீட் ஹோல்டு அழுத்தினால் டூல் நகர்வது நிற்கும். சுழல்தண்டான ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். புரோகிராமில் வரும் எம்05 கட்டளை ஸ்பிண்டிலை நிறுத்தும். எம்00 வந்தால் புரோகிராம் அந்த வரியில் காத்திருக்கும். சைக்கிள் ஸ்டார்ட் கொடுத்தால் தொடரும். ரீசெட், ஓடும் புரோகிராமையே ரத்து செய்துவிடும். சிவப்பு எமர்ஜென்சி பொத்தான் அசைவு அனைத்தையும் நிறுத்தும். “நிறுத்தவும்” என்ற ஒரு சொல்லை நம்பி, உலோகச் சிப்ஸைத் தள்ளக் கை நீட்டினால் என்ன ஆகும்? கதவு இன்டர்லாக்கை பைபாஸ் செய்து வைத்திருக்கும் பட்டறையில் விரல் போகும்.

இந்த ஐந்தில் ஃபீட் ஹோல்டின் ஒரு குணம் எனக்கு மிகவும் பிடித்தது. டேப் போடும்போது, அதாவது துளைக்குள் மரை வெட்டும்போது, அதை அழுத்திப் பாருங்கள். இயந்திரம் உடனே கேட்காது. எம்8 மரைக்கு ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றினால் டேப் சரியாக 1.25 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். சுற்று தொடர, இறக்கம் மட்டும் நின்றால் மரை அறுந்துவிடும், அல்லது டேப் உள்ளேயே முறிந்துவிடும். அதனால் கன்ட்ரோல் மரையை முடித்து, டேப்பை வெளியே எடுத்த பிறகே நிற்கும். பொத்தான் பழுது என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். உதவிப் பக்கம் அதே பெயரில், அதே இடத்தில் இதைச் சொல்லியிருந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

சிறுவயதில் வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது, அப்பா கடைசி வரப்பில் நின்று குரல் கொடுப்பார். “மடை மாத்து” என்றால் அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். “மோட்டார் நிறுத்து” என்றால் கொட்டகைக்கு ஓட வேண்டும். ஒருநாளும் அவர் சொல்லை மாற்றியதில்லை. எட்ட இருப்பவனுக்கு விளக்கம் கேட்க வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். உதவிப் பக்கம் படிப்பவரும் எட்ட இருப்பவர்தான்.

ஒரு செயலுக்கு ஒரே சொல் வேண்டும் என்பதை விமானத் துறை முன்பே உணர்ந்தது. பராமரிப்புக் கையேடுகளுக்கான எளிய ஆங்கில விதிகளை ஐரோப்பிய விமானத் தொழிலமைப்பு 1986இல் வெளியிட்டது. ‘ஸ்டார்ட்’ என்றால் எங்கும் ஸ்டார்ட். பிகின், கமென்ஸ் கூடாது. செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது.

ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். கதைக்கு அது அழகு, கையேட்டுக்கு ஆபத்து. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் பேசுவோர் ஷிப்ட் மாறி ஒரே இயந்திரத்தில் நிற்கும் ஓசூரில் ஆபத்து இன்னும் கூடுதல். தமிழ்ச் சொல்லோ இங்கிலீஷ் சொல்லோ, பொத்தானில் உள்ளதே திரையிலும் தாளிலும் வரட்டும். இயந்திரம் இறக்குமதி செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: உதவிப் பக்கம் எழுதுமுன் ஆபரேட்டர்களை உட்காரவைத்து, ஒரு செயலுக்கு ஒரு பெயர் என்று பட்டியல் போடுங்கள். ஒரு தாள் போதும்.