கண்ணாடி மட்டும் போதுமா?

உங்கள் இல்லத்தில் மூக்குக்கண்ணாடி அணிபவர்களின் மருத்துவச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் மைனஸ் குறியோடு 6 அல்லது அதற்கு மேற்பட்ட எண் எழுதப்பட்டிருக்கிறதா? அப்படியாயின் இக்கட்டுரையைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள்.

தொலைவில் இருப்பவை மங்கலாகத் தெரிவதைக் கிட்டப்பார்வை என்கிறோம். மைனஸ் 6 என்ற அளவை எட்டினால் அது கடுமையான கிட்டப்பார்வையாகும். "கண்ணாடி போட்டால் நன்றாகத்தானே தெரிகிறது, பிறகென்ன?" என்று பலரும் இருந்துவிடுகின்றனர். கண்ணாடி ஒளியைச் சரியான இடத்தில் விழச் செய்கிறது. கண்ணின் அமைப்பை அது மாற்றுவதில்லை.

வளர்ந்தவர்களின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. கடுமையான கிட்டப்பார்வையில் அது பெரும்பாலும் 26 மில்லிமீட்டருக்கும் மேல் நீண்டுவிடுகிறது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணின் உட்சுவரில் மெல்லிய தாள்போல் படிந்திருப்பது விழித்திரை. கண் நீளும்போது அதுவும் இழுபட்டு, ஓரங்களில் நைந்துபோகிறது. நைந்த துணி கிழிவதுபோல அங்கே துளையோ கிழிசலோ தோன்றலாம். கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியே கசிந்து, விழித்திரையைச் சுவரிலிருந்து பிரித்துவிடக்கூடும். உடன் கவனிக்காவிடில் பார்வையே பறிபோகும். இத்தனை நடந்தாலும் வலி இராது. தொடக்கத்தில் பார்வையும் குறையாது. ஆகவேதான் பரிசோதனை அவசியமாகிறது.

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்து எண் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. கண்ணுக்குள் நோக்கும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ஆம் ஆண்டில் உலகிற்கு அளித்தார். விழித்திரை பிரிவதற்குக் கிழிசலே காரணம், அதை அடைத்தால் பார்வையைக் காக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் ஜூல்ஸ் கோனன் நிறுவினார். அதுவரை விழித்திரை பிரிந்தவர்களுக்கு மீட்சி அரிதாகவே இருந்தது.

இன்றைய பரிசோதனை எளிமையானது. கருமணியை விரியச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, அரைமணி நேரம் போல் அமரச் செய்வர். பின்னர் மருத்துவர் தலையில் பொருத்திய விளக்கோடும் கையில் பிடித்த வில்லையோடும் விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார். தேவைப்பட்டால் இமையின்மேல் மெல்ல அழுத்தியும் பார்ப்பார். விழித்திரையின் நடுப்பகுதியை ஓ.சி.டி. என்னும் கருவியால் படமெடுப்பர். கண்ணின் அழுத்தத்தையும் அளப்பர். இத்தகையோருக்குக் கண் அழுத்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மருந்தின் விளைவு தணியச் சில மணி நேரம் ஆகும். அதுவரை எழுத்துகள் மங்கும், வெயில் கூசும். எனவே வாகனம் ஓட்டாமல், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் வேறு விதமாகச் சொன்னாலன்றி, ஆண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைச் செய்துகொள்வது நலம். துளையோ கிழிசலோ ஆரம்பத்தில் தென்பட்டால், லேசர் கதிரால் அதைச் சுற்றித் தழும்பிட்டு அடைத்துவிடலாம். அன்றே வீடு திரும்பலாம்.

சகோதரிகளுக்கும் பெண்ணைப் பெற்றோருக்கும் இங்கே ஒரு வார்த்தை. தடித்த கண்ணாடி திருமணப் பேச்சுக்குத் தடையாகும் என்றஞ்சி, பெண்ணின் குறையை மறைப்பவர்கள் நம்மிடையே உண்டு. சிலர் லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றச் செய்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால் அச்சிகிச்சை கண்ணின் முன்பகுதியைத்தான் திருத்துகிறது. நீண்ட கண் நீண்டதாகவே இருக்கிறது, நைந்த விழித்திரை நைந்ததாகவே இருக்கிறது. கண்ணாடியோடு பரிசோதனையையும் விட்டுவிட்டால், புகுந்த வீட்டில் அப்பெண்ணின் ஆபத்தை அறிந்தவர் எவரும் இரார். ஆகவே பழைய சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். முன்பிருந்த எண்ணை மருத்துவரிடமும் கணவரிடமும் கூறிவிடுங்கள்.

பரிசோதனைக்குரிய நாள் வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய அறிகுறிகளும் உள்ளன. கண்ணில் மின்னல்போல் ஒளி வெட்டுதல். கரும்புள்ளிகளோ நூலிழைகளோ திடீரெனப் பெருகி மிதத்தல். ஒரு பக்கமிருந்து திரை விழுவதுபோல் இருளுதல். நேர்க்கோடுகள் வளைந்து தெரிதல். ஒன்றிரண்டு புள்ளிகள் பல ஆண்டுகளாக மிதப்பது பொதுவாக அச்சத்திற்குரியதன்று. திடீர் மாற்றமே எச்சரிக்கை. அந்நேரத்தில் எண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியங்களில் பொழுதைக் கழிக்காதீர்கள். நடுப்பகுதி பிரிவதற்கு முன் அறுவை செய்தால் நல்ல பார்வை மிஞ்சும். பிரிந்தபின் செய்தால் பழைய பார்வை முழுதும் திரும்புவது கடினம்.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சகோதரர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சில அறுவைகளில் கண்ணுக்குள் வாயுக்குமிழை நிரப்புவர். அது கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது. உயரத்தில் அக்குமிழ் விரிந்து கண்ணின் அழுத்தத்தைக் கூட்டி, பார்வையைக் கெடுத்துவிடும். விடுமுறை முடிகிறதே என்று பயணச்சீட்டைப் பார்க்காமல், மருத்துவரின் அனுமதியைக் கேளுங்கள்.

செலவுக்கு அஞ்சுவோர் அரசு மருத்துவமனையை நாடலாம். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டிலிருந்து வரும் நிலையம்.

கிட்டப்பார்வை குடும்பவழியிலும் தொடரக்கூடியது. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளையும் சிறு வயதிலேயே பரிசோதித்துவிடுங்கள். நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது அவர்களைத் திறந்த வெளியில் விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வருவதை அது தள்ளிப்போட உதவும். ஆண்டுப் பரிசோதனைக்குச் செலவாவது ஒரு பகற்பொழுது. அதை வீணென்று எண்ணாதீர்கள்.