துறைமுகம் போனது, கோட்டை பிழைத்தது

கிழக்கிலங்கையில் சவளக்கடையிலிருந்து காலிக்குப் போகிறவர்கள் பொத்துவில், மொனராகலை, வெல்லவாய வழியாக அம்பாந்தோட்டைக்கு இறங்கி, மாத்தறை தாண்டிப் போய்ச் சேருகிறார்கள். இவ்வளவு தூரம் போய், கோட்டை மதிலில் ஏறி, வெளிச்சவீட்டடியில் நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கோட்டையின் கெட்டிக்காரத்தனமோ அவர்கள் காலுக்குக் கீழே, தெருவுக்கு அடியில் இருக்கிறது. ஒல்லாந்தர் கட்டிய வடிகான்களைச் சொல்கிறேன்.

கோட்டைக்குள் தெருக்கள் கோடு போட்டாற்போல நேராக ஓடி, குறுக்குத் தெருக்களை வெட்டிச் செல்கின்றன. அவற்றின் அடியில் கல்லால் கட்டிய கால்வாய்கள் கடலை நோக்கிச் சரிந்து போகின்றன. வீட்டுக் கழிவும் மழைநீரும் அவற்றில் இறங்கும். கடல் ஏறும்போது உப்புநீர் கால்வாய்க்குள் புகும். வற்றும்போது உள்ளே கிடப்பதை இழுத்துக்கொண்டு போகும். கேட்கச் சுலபமாகத் தெரிகிறது. ஆனால் இலங்கையைச் சுற்றிக் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. அவ்வளவு சிறிய வித்தியாசத்தை நம்பி ஒரு நகரத்தின் அழுக்கைக் கழுவ வேண்டுமென்றால் கால்வாயின் சரிவும் வாயின் உயரமும் சற்றும் பிசகக் கூடாது. திரைட்டன் கொத்தளத்தில் ஒரு காற்றாலையும் வைத்திருந்தார்கள். அது கடல்நீரை இறைத்துக் கொடுக்க, தெருப்புழுதி அடங்கத் தெளித்தார்கள்.

வடிகான் பேச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1911இல் காலி நகரில் ஒரு மதகை மூடிக் கிடந்த பலகைக் கல்லைப் பார்த்தபோது அதில் எழுத்து இருந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு வந்த கல் அது. 1409ஆம் ஆண்டைக் குறித்து, சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் வெட்டப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமியர் வணங்கும் இறைவனுக்கும் காணிக்கைகளைச் சொல்கிறது. ஒல்லாந்தர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் துறையில் யார் யார் வந்து போனார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

மதிலுக்கு வருவோம். 1588இல் போர்த்துக்கீசர் தரைப்பக்கத்தை மட்டும் மறித்து அரண் கட்டினார்கள். கடல்பக்கத்தைப் பாறைகளே காக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1640இல் ஒல்லாந்தர் காலியைப் பிடித்து, பிறகு முனை முழுவதையும் சுற்றி மதில் வளைத்தார்கள். தரைப்பக்கம் இன்றும் நெடிதுயர்ந்து நிற்பவை சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்ற மூன்று கொத்தளங்கள். பீரங்கி வரப்போவது அந்தத் திசையிலிருந்துதான் என்பதால் அவை தடித்தவை. பழைய வாசலின் உட்பக்கத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் இருக்கின்றன; வெளிப்பக்கத்தில் 1796இல் வந்து அமர்ந்த பிரித்தானியரின் சின்னம். இன்று வாகனங்கள் நுழையும் பெரிய வாசலை பிரித்தானியர் 1873இல் மதிலை உடைத்துத் திறந்தார்கள்.

மதிலும் வீடுகளும் எழுந்தது கருங்கல்லாலும் முருகைக்கல்லாலும். முருகைக்கல்லைச் சூளையில் எரித்தால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் விட்டால் கொதித்துப் பொரிந்து மாவாகும். மணலோடு குழைத்துப் பூசிய பிறகு, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. இந்தச் சாந்துக்கு ஒரு நல்ல குணம், அது ஈரத்தை அடைத்து வைக்காது. மழையில் நனைந்த சுவர் வெயிலில் அந்த ஈரத்தைச் சாந்து வழியாகவே விட்டுவிடும். இன்று பழைய சுவர்களைத் திருத்துகிறோம் என்று சீமெந்து பூசுகிறவர்கள் அந்த வழியை அடைத்துவிடுகிறார்கள். உள்ளே சிக்கிய ஈரமும் கடலுப்பும் சேர்ந்து கல்லை அரிக்கும், பூச்சு பாளம் பாளமாகக் கழலும். நம் கரையோரத்தில் மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு சுண்ணாம்புச் சுவர்களுக்கும் இதே கதிதான்.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையை நம் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் அழிந்த அதே காலையில் காலி பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் தண்ணீரில் மிதந்தன. கோட்டைக்குள் சேதம் மிகக் குறைவு. பீரங்கிக்காகக் கட்டிய மதில் அலையைத் தடுத்தது. ஆனால் அதே கரையில் சற்று வடக்கே, பெரலிய பகுதியில் ரயிலே கவிழ்ந்தது. அங்கே கடலடி முருகைக்கல்லை நீண்ட காலமாகத் தோண்டி எடுத்ததால் அலையின் வேகம் தணியவில்லை என்று பிறகு வந்து பார்த்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். தோண்டிய கல் பெரும்பாலும் போனது சுண்ணாம்புச் சூளைக்குத்தான். கோட்டையின் அழகைப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசவேண்டும்.

வீடுகளைப் பார்த்தால் நம்மவர்களுக்குப் புதிதாக இராது. தெருவோரம் தூண் வைத்த விறாந்தை, அடுத்து மண்டபம், பின்னால் இன்னொரு விறாந்தை, நடுவே திறந்த முற்றம், கிணறு, ஒதுக்கமாகக் குசினி. உயரமான ஓட்டுக்கூரைக்குள் சூடு மேலே போய்விடும். முற்றத்து வெக்கை எழும்ப எழும்பத் தெருப்பக்கத்துக் காற்று உள்ளே வரும். நம் பக்கம் கச்சானாய் வறண்டு வீசும் தென்மேற்குக் காற்று காலியில் மழையோடு வருவதால் விறாந்தைச் சாய்ப்பு ஆழமாக இறங்குகிறது. அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் துறைமுக நகரிலும் காற்றுக்காகவே வீட்டின் ஒடுங்கிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி, நீளப்பக்கம் முழுக்க விறாந்தை வைத்தார்கள்.

வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைத் தூரத்தில் பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். 1904இல் எழுந்த இந்தக் கட்டடத்தின் முகப்பும் இரட்டைக் கோபுரமும் ஐரோப்பியப் பாணி. உள்ளே போனால்தான் பள்ளி. அன்றைய முஸ்லிம் வணிகர்கள் தம் காலத்துப் பெரிய பாணி எதுவோ அதில் கட்டினார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அரபுநாட்டுக் கோபுரத்தை அச்சொட்டாக நகலெடுக்கும் நம் ஊர்ப் பள்ளிகளைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

இவ்வளவும் எப்படித் தப்பின? காலித் துறைமுகம் தோற்றதால்தான். நீராவிக் கப்பல்கள் கரி ஏற்ற காலியில் நின்ற காலம் ஒன்று உண்டு. ஆனால் துறைக்குள் பாறைகள், தென்மேற்குப் பருவத்தில் அலை. பிரித்தானியர் 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டி 1885இல் முடித்தார்கள். கப்பல்கள் அங்கே திரும்பின. கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்த மதில் அதற்கு முன்பே இடிக்கப்பட்டிருந்தது, அங்கே மாடிக்கட்டடம் மேல் மாடிக்கட்டடம் ஏறியது. காலியில் இடித்துக் கட்டப் பணம் இல்லை. சார்ள்ஸ்டனையும் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்திய வறுமைதான் காத்தது. 1931இல் அந்நகரின் பழைய பகுதிக்கென்று சட்டம் போட்டபோது காக்க நிறைய மிஞ்சியிருந்தது. காலிக் கோட்டை 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கொழும்பில் கைகொடுத்ததுபோல அணை எல்லாக் கரைக்கும் வாய்ப்பதில்லை. நம் பக்கம் 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் அணை, கரையோரமாக வடக்கே நகரும் மணலை மறித்தது. வாயில் மண் மேடிட்டது, வடக்கே ஒலுவில் கரையும் நிந்தவூர்ப் பக்கமும் கடலுக்குள் போயின.

காலியில் புதிய கட்டடங்களும் உண்டு. கோட்டைக்குச் சற்று வடக்கே, பாறைமேட்டில், கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1990களில் கட்டிய விடுதியில் கோட்டை வீட்டின் தடித்த சுவர், நீண்ட விறாந்தை, ஓட்டுக்கூரை எல்லாம் திரும்ப வருகின்றன. அதன் சுழல்படியில் சிற்பி லக்கி சேனநாயக்க செய்த போர்க்காட்சியை ஒருமுறை பார்த்தால் போதும், மறக்காது. கோட்டைக்குள்ளோ வெளிநாட்டார் பலர் வீடுகளை வாங்கி விடுதியும் கடையும் ஆக்கினார்கள். சுவர்கள் திருந்தின, குடியிருந்தவர்கள் குறைந்தார்கள். இது எனக்குச் சம்மதமில்லை.

நீங்கள் போனால் பழைய வாசல் வழியாக நுழையுங்கள். உள்ளே போனதும் திரும்பி நின்று 1669ஐப் பாருங்கள், ஒரு வக்து தொழுகைக்கு மீரான் பள்ளியில் இருங்கள், கடல்பக்க மதிலடியில் வடிகான் வாயைத் தேடிப் பாருங்கள். உங்கள் ஊரில் சுண்ணாம்புச் சுவர் வீடு ஏதும் மிஞ்சியிருந்தால், திருத்தும்போது சீமெந்து வேண்டாம், சுண்ணாம்பே பூசுங்கள்.