தேடிய தேட்டம் யாருக்கு?

பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி, அண்மையில் ஒரு பிற்பகல் என் வீட்டிற்கு வந்தாள். அவள் கையிலே காணி உறுதியொன்றும், நீதிமன்ற அழைப்பாணையொன்றும் இருந்தன. கணவர் விவாகரத்துக் கோரி வழக்கிட்டிருந்தார்.

இருபத்திரண்டு ஆண்டு இல்வாழ்க்கை. கணவர் கொழும்பிலே உத்தியோகம் பார்த்தார். இவள் யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளைப் படிப்பித்தாள், மாமியாரை இறுதிவரை பராமரித்தாள், தோட்டஞ் செய்தாள், சீட்டுக் கட்டி மிச்சம் பிடித்தாள். அந்த மிச்சமும் கணவரின் சம்பளமும் சேர்ந்து எட்டுப் பரப்புக் காணியாயிற்று. உறுதியோ கணவர் பெயரில் முடிக்கப்பட்டது.

“தேடினது ரண்டு பேரும், ஐயா. உறுதியிலை பேர் மட்டும் ஒண்டு. எனக்கு இதிலை ஒண்டும் இல்லையெண்டு சொல்லுகினம். அது சரியே?” என்று கேட்டாள்.

யான் சட்டம் படித்தவனல்லன். ஆயினும் அவள் கூறிய ‘தேடினது’ என்ற சொல் என்னை விடவில்லை. ஏனெனில் எமது தேசவழமைச் சட்டத்தின் உயிர்நிலையே அச்சொல்லில் இருக்கின்றது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளைத் தொகுக்குமாறு ஒல்லாந்த ஆள்பதியாகிய சைமன்ஸ் பணித்தார். திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் அவற்றைத் தொகுத்து 1707ஆம் ஆண்டிலே நிறைவுசெய்தார். அத்தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு, முதலியார் பன்னிருவரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்களது இசைவையும் பெற்றது. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலுவளித்தனர்.

அத்தொகுப்பு குடும்பச் சொத்தை மூன்றாக வகுக்கின்றது. கணவன் வழிவந்தது முதுசொம். மனைவி கொண்டுவந்தது சீதனம். மணவாழ்வில் ஈட்டியது தேடிய தேட்டம். பண்டைய முறைப்படி முதுசொம் ஆண்மக்களையும், சீதனம் பெண்மக்களையும் சார, தேடிய தேட்டமோ இருபாலாருக்கும் உரியதாயிற்று. இருவர் கையும் பட்டு விளைந்த பொருள் இருவர் வழியிலும் செல்லுதல் முறைதானே!

இப்பாகுபாட்டின் பொருளை முன்னாளில் எமது தோட்டங்களிலே கண்கூடாகக் காண முடிந்தது. ஒருவர் துலா மிதிப்பார். ஒருவர் பட்டை பிடிப்பார். ஒருவர் வாய்க்காலிலே நின்று தண்ணீர் கட்டுவார். புகையிலை விளைந்தபின், இந்த இலை இன்னார் இறைத்த நீரால் வளர்ந்தது என்று பிரித்துக் கூற எவராலும் இயலாது.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இக்கருத்தையே எழுத்தில் வடித்தது. மணவாழ்வுக் காலத்தில் விலைகொடுத்து வாங்கியதும், அவரவர் தனிச்சொத்திலிருந்து வந்த வருவாயும் தேடிய தேட்டமாகும். ஒருவர் ஈட்டித் தம் பெயரிலேயே வைத்திருப்பினும் இருவருக்கும் அதில் சமவுரிமை உண்டு என்று அது விதித்தது. அந்த விதி இன்றிருந்தால் என் மாணவியின் வினாவுக்கு விடை எளிதாயிருந்திருக்கும்.

ஆனால் 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தச் சமவுரிமை வாசகத்தை நீக்கிற்று. ‘இருவரின் தேட்டம்’ என்பது ‘ஒரு துணைவரின் தேட்டம்’ ஆயிற்று. இம்மாற்றத்தின் பொருள் யாது என நீதிமன்றங்கள் நெடுங்காலம் வாதித்தன. ஈற்றில் 1986ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம், தேட்டம் ஈட்டியவருக்கே உரியது என்றும், ஈட்டாத துணைவரின் உரிமை மற்றவரின் மரணத்தின் பின்னரே பிறக்கும் என்றும் தீர்த்தது.

இத்திருத்தத்தை முற்றாகக் குறைகூறுதலும் நேர்மையாகாது. பழைய முறையிலே கணவனே தேட்டத்தின் அதிகாரி. மனைவி ஆசிரியையாய் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய காணியையும் அவளைக் கேளாமலே அவன் விற்கலாம், ஈடு வைக்கலாம். தன் பெயரில் தன் சம்பளத்தால் வாங்கிய பெண்ணுக்கு 1947ஆம் ஆண்டின் மாற்றம் ஒரு காவலாகும். சம்பளமில்லாமல் உழைத்தவளுக்கோ அது வெறுங்கையாயிற்று.

இங்கே ஒரு விந்தையைக் காண்கின்றோம். என் மாணவியின் கணவர் மரணசாதனம் எழுதாமல் இறந்திருப்பின், அவரது தேட்டத்திற் பாதி அவளைச் சேர்ந்திருக்கும். அவர் உயிரோடிருந்து அவளை விலக்கினால், தேட்டம் என்ற உரிமையால் அவளுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. விதவைக்குப் பாதி கொடுக்கும் சட்டம், விலக்கப்பட்டவளை வாசலில் நிறுத்துகின்றது. இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு இருவரிடத்தும் ஒன்றேயன்றோ?

வழிகள் முற்றாக அடைபட்டுவிடவில்லை. ஒருவர் பணத்தில் மற்றவர் பெயருக்கு வாங்கிய சொத்தைப் பற்றி 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் பேசுகின்றது. ஆனால் பணம் கொடுத்தமையை நிறுவ வேண்டும். சமைத்த சோற்றுக்கும் கண்விழித்த இரவுக்கும் எவர் பற்றுச்சீட்டு எழுதினார்? விவாகரத்துத் தீர்ப்பின்போது ஒரு துணைவரின் சொத்திலிருந்து மற்றவருக்கு ஒரு பகுதியை எழுதிக்கொடுக்குமாறோ, பணம் செலுத்துமாறோ கட்டளையிடும் அதிகாரத்தைக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நீதிமன்றத்துக்கு அளித்துள்ளது. அது நீதிபதியின் தற்றுணிபைப் பொறுத்தது. கேட்டுப் பெறுவதற்கும் உரிமையாய் எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வேற்றுமையை, ஒருநாளேனும் பிறர் வாசலில் நின்றவர் அறிவர்.

1911ஆம் ஆண்டின் சமவுரிமையையும், 1947ஆம் ஆண்டு தந்த காவலையும் ஒருங்கே இணைத்து, ஒருவர் சம்மதமின்றி மற்றவர் விற்க முடியாதவாறும், விவாகரத்திலே வீட்டுழைப்பும் ஈட்டமாக மதிக்கப்படுமாறும் சட்டம் திருந்துதல் வேண்டும். அதுவரை, காணி வாங்கும் தம்பதியர் உறுதியை இருவர் பெயரிலும் முடிப்பித்துக்கொள்வார்களாக. மணவறையில் இருவராய் அமர்ந்தவர்கள் நொத்தாரிசின் முன்னிலையில் ஒருவராய்க் குறைவது எதற்கு?

யான் அறிந்த அளவில் இவற்றைக் கூறி, நல்லதொரு சட்டத்தரணியை நாடுமாறு சொன்னேன். அவள் உறுதியை மடித்துப் பைக்குள் வைத்தாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “சீட்டுக் காசு கட்டின கொப்பி எல்லாம் வைச்சிருக்கிறன், ஐயா. பதினாலு வருசத்துக் கணக்கு” என்றாள்.

கணக்கு எழுதி வைத்தவள் அவள். எழுதாமலே உழைத்த எத்தனை பெண்கள் எம் வீடுகளில் இருக்கின்றார்கள் என்று எண்ணியபடியே அவளைப் படலைவரை சென்று வழியனுப்பினேன்.