அயல்நாட்டில் ஒரு வங்கிக் கணக்கு

என் அண்ணன் 2022 ஆம் ஆண்டு கட்டட வேலைக்காகச் சிங்கப்பூர் சென்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் விமானம் ஏறியவர் அவர். வங்கிப் படிவத்தை முதன்முதலில் நிரப்பியவன் நான். ஆதலின் இதுபற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டு.

போய் இறங்கியவுடன் கணக்குத் தொடங்கிவிடலாம் என்றே எண்ணியிருந்தோம். அது அவ்வளவு எளிதன்று. கையில் கொண்டு செல்வது முன்அனுமதிக் கடிதம் மட்டுமே. மருத்துவப் பரிசோதனை முடிந்து, கைரேகையும் புகைப்படமும் பதிவான பிறகுதான் 'ஒர்க் பர்மிட்' அட்டை வரும். அண்ணனுக்குக் கடவுச்சீட்டோடு அந்த அட்டையையும் காட்டிய பின்னரே கணக்குக் கிடைத்தது. அதனால் முதல் மாதச் சம்பளம் தள்ளிப்போயிற்று. நிலத்தை ஈடுவைத்து வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தள்ளிப்போகவில்லை! அம்மாவின் தோடு அடகுக் கடைக்குச் சென்றது.

விடுதிகளில் தங்கும் அயல்நாட்டுத் தொழிலாளர்க்குச் சம்பளத்தை மின்னணு முறையிலேயே செலுத்த வேண்டும் என 2020 இல் சிங்கப்பூர் அரசு விதித்தது. நல்ல விதி. ரொக்கமாகத் தந்தால் குறைத்துத் தந்ததற்குச் சான்று ஏது? கணக்கில் விழுந்த தொகை எழுத்தில் நிற்கும்.

நண்பர்களே, அந்தப் பண அட்டையையும் இரகசிய எண்ணையும் மேற்பார்வையாளரிடமோ அறைத் தோழரிடமோ ஒப்படைக்கலாகாது. ஊர் திரும்பும் வேளையில், "உன் கணக்கைக் கொடுத்துவிட்டுப் போ, வெள்ளி தருகிறேன்" என்பாரும் உளர். மோசடிப் பணம் அதன் வழியே ஓடும், பெயரோ நம்முடையது. கணக்கை இவ்வாறு கைமாற்றுவதற்கு எதிராக 2023 இல் அங்குச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. புறப்படுமுன் கணக்கை முடித்துவிட வேண்டும்.

நம்மூர்க் கணக்கும் பழையபடி இருக்கக் கூடாதாம். 1999 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ், வேலைக்காக வெளிநாடு சென்றவரின் சேமிப்புக் கணக்கை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்ற வேண்டும். அங்கே ஈட்டியதைப் போட்டுவைக்க 'என்.ஆர்.இ.' கணக்கு உண்டு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அண்ணன் விமானம் ஏறுமுன் இதை எங்களுக்குச் சொன்னவர் எவருமில்லை. பின்னர் நான்தான் வங்கிக்கு நாலு முறை நடந்து, படிவம் வாங்கி, அவர் கையொப்பத்திற்காக அனுப்பி வைத்தேன்.

இரண்டாம் மாத இறுதியில் முதல் சம்பளம் கணக்கில் ஏறியதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பெயரைக் காட்டச் சொன்னார், காட்டினேன். தொகையைப் பற்றிக் கேட்கவேயில்லை.

தோட்டை மீட்க மேலும் ஐந்து மாதங்கள் ஆயின.