64 கிலோபைட்டில் அடங்காத இசை

எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவனுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு, "ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு தம்பி" என்பதுதான். 18 வருஷமாகக் கல்யாண மேடைகளிலும் கோயில் கொடைகளிலும் அந்தச் சொல்லுக்காகவே உழைத்திருக்கிறேன். இன்டர்லூடில் ஒரு புல்லாங்குழல் துணுக்கு விட்டுப்போனால்கூட முன்வரிசையில் ஒருவர் முகம் மாறும். இப்படிப் பழகிய காதுக்கு, அசலை வேண்டுமென்றே மாற்றி வாசித்த ஒரு இசைத்தொகுப்பு இவ்வளவு பிடித்துப்போனது எப்படி என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

தொகுப்பின் பெயர் 'சீரியஸ் மங்கி பிசினஸ்'. 2010இல் வந்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 'டாங்கி காங் கன்ட்ரி 2' என்ற வீடியோ கேமின் இசையை, அதை விளையாடி வளர்ந்தவர்கள் ஆளுக்கொரு மெட்டாக எடுத்துத் தங்கள் போக்கில் மறுபடி அமைத்திருக்கிறார்கள். இவர்களை ஒன்றுசேர்த்தது ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் என்ற குழு. 1999இல் அமெரிக்காவில் டேவிட் லாய்டு தொடங்கியது.

மெட்டுகளை முதலில் அமைத்தவர் டேவிட் வைஸ், ஆங்கிலேயர். இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தவரை, வீடியோ கேம் தயாரிக்கும் ரேர் நிறுவனம் 1985இல் அழைத்துக்கொண்டது. பத்து வருஷம் கழித்து, சூப்பர் நிண்டெண்டோ கருவிக்காக இந்த கேமின் இசையை அமைத்தார். முள்புதருக்கு நடுவே பீப்பாய்க்குப் பீப்பாய் குரங்கு பறக்கும் ஒரு கட்டத்தில் வரும் மெட்டை மாமா பையன் வீட்டுக் கம்ப்யூட்டரில் முதலில் கேட்டேன். குரங்கு முள்ளில் மோதிச் செத்துக்கொண்டே இருந்தது. ஆனால் இசையில் பதற்றமே இல்லை. யாரோ தனியாக உட்கார்ந்து பழைய ஊரை நினைத்துக்கொண்டிருப்பது போன்ற இசை.

சூப்பர் நிண்டெண்டோ கருவிக்கு இசை அமைப்பது எவ்வளவு நெருக்கடியான வேலை என்பது பிறகுதான் புரிந்தது. ஒலிக்கென்று அதில் இருந்த நினைவகம் 64 கிலோபைட். சிடி தரத்தில் அரை வினாடி ஒலியைக்கூட அதில் வைக்க முடியாது. ஒலியைச் சுருக்கித்தான் வைப்பார்கள். அப்படிச் சுருக்கியும், முழுத் தரத்தில் நாலு வினாடி தேறாது. பியானோ, டிரம்ஸ், காற்றுக்கருவி எல்லாவற்றின் மாதிரித் துணுக்குகளும், எந்த ஸ்வரம் எப்போது வரவேண்டும் என்ற குறிப்பும் அதற்குள்தான். எக்கோ வேண்டுமென்றால் அதற்கும் அதே இடத்திலிருந்துதான் பங்கு. ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்கள் 8. நான் ஒரு கார்டு பிடித்தாலே நாலு போய்விடும். மிச்சம் நாலில் பேஸ், தாளம், மெட்டு. கேமில் குரங்கு குதிக்கும் சத்தத்துக்கும் இதிலேதான் இடம் விடவேண்டும்.

ஆகவே வைஸின் இசையில் பாதி, கேட்பவர் மனசில்தான் நடந்தது. பின்னால் ஒரு பெரிய வெளி இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அங்கே ஒரு சின்னத் துணுக்கு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். அந்த இசைக்குள் சிறுவயதில் மணிக்கணக்காக இருந்தவர்கள், வளர்ந்து தாங்களும் இசைக்கலைஞர்கள் ஆனபோது, மனசில் கேட்டதைத்தான் வாசித்தார்கள். இதை நான் மாற்றம் என்று சொல்லமாட்டேன். அசல் சொல்ல நினைத்து இடமில்லாமல் விட்டதை எடுத்துச் சொல்வது அது. அச்சு அசலாக வாசிப்பதிலும் மரியாதை உண்டு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இவர்கள் காட்டும் மரியாதைக்கு இன்னும் நெடுநேரம் கேட்டிருக்க வேண்டும்.

உரிமைச் சிக்கல் இத்தகைய தொகுப்புகளுக்கு எப்போதும் உண்டு. மெட்டு கம்பெனியுடையது. அதே ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் குழு 'ஃபைனல் ஃபேன்டஸி 6' என்ற கேமின் இசைக்காக 2012இல் பொதுமக்களிடம் பணம் திரட்டத் தொடங்கியபோது, உரிமையாளரான ஸ்கொயர் எனிக்ஸ் தலையிட, திரட்டல் நின்றது. பிறகு பேசி, முறைப்படி அனுமதி வாங்கி, மறுபடி தொடங்கியதில் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2013இல் 5 சிடிகளில் 74 உருப்படிகளாக அந்தத் தொகுப்பு வந்தது.

குரங்குத் தொகுப்புக்கு வருகிறேன். அதில் ஒரு உருப்படியை அமைத்தவர் பெயரைப் பார்த்துவிட்டு, தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தேன். டேவிட் வைஸ். ரசிகர்கள் கூலி வாங்காமல் செய்த வேலையில், வரிசையில் ஒருவராக அவரும் வந்து, 15 வருஷத்துக்கு முந்தைய தன் மெட்டைத் தானே திரும்ப அமைத்திருக்கிறார். அது கேமின் முடிவில், சிறைப்பட்ட டாங்கி காங் என்ற குரங்கு மீட்கப்பட்டதும் வரும் இசை. டிரம்பெட் வாசித்தவர் ராபின் பீன்லேண்ட், கிட்டார் வாசித்தவர் கிராண்ட் கிர்க்கோப். இருவரும் ரேரில் வைஸோடு வேலை பார்த்த இசையமைப்பாளர்கள்.

கிர்க்கோப் 1995இல் ரேரில் சேர்ந்தபோது கொடுக்கப்பட்ட முதல் வேலை என்ன தெரியுமா? வைஸின் இதே இசையைக் கையடக்க கேம் பாய் கருவிக்காகச் சுருக்குவது. கேம் பாயில் குரல்கள் மொத்தமே 4; அதிலும் ஒன்று வெறும் இரைச்சல், தாளத்துக்குத்தான் ஆகும். எட்டை நாலாக்கிய அதே மனிதர், இங்கே தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

ஒரு கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது எங்கள் கிட்டார் அண்ணனுக்கு அந்த உருப்படியைப் போட்டுக் காட்டி, கேம் பாய் கதையையும் சொன்னேன். அவருக்கு வீடியோ கேமில் அக்கறையே கிடையாது. இயர்போனைக் கழற்றாமல் முழுசும் கேட்டார். பிறகு கேட்டார்: "எட்டை நாலாக்கும்போது எதைப்பா விட்டிருப்பாரு?"

போனில் கேம் பாய் இசையைத் தேடி எடுத்தேன். வண்டி டோல்கேட்டைத் தாண்டும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் முழங்காலில் விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தார்.