பழைய யுத்த விமானங்களும் பார்வையாளர் உயிரும்

தேனி ஜில்லாவில் விமான நிலையம் கிடையாது. அல்லிநகரத்துவாசி ஒருவர் விமானம் ஏற வேண்டுமானால் மதுரைக்குத்தான் போக வேண்டும். எனினும், விமானப் படையின் சாகஸக் காட்சி எங்கேனும் நடைபெறுகிறதென்றால் அதைப் பற்றிப் பேசாத வாலிபர் இங்கே இரார். 2024-ம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி சென்னை மெரினாக் கடற்கரையில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடி அண்ணாந்து பார்த்தார்களல்லவா? அன்று தேஜஸ் போன்ற புதிய விமானங்களோடு டக்கோட்டா, ஹார்வர்டு என்னும் இரண்டு பழைய விமானங்களும் வானில் வலம் வந்தன.

டக்கோட்டாவைக் கண்டு நெஞ்சம் நிமிர்வது நியாயமே. 1947-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி ஸ்ரீநகரம் பறிபோகும் தறுவாயில் இருந்தபோது, சீக்கியப் பட்டாளத்தாரை அங்கே கொண்டுபோய் இறக்கியவை டக்கோட்டாக்களே. அவற்றில் முதலாவதாகச் சென்ற விமானத்தின் எண்ணையே, 2018-ல் விமானப் படையில் சேர்க்கப்பட்ட பழைய டக்கோட்டாவுக்கும் இட்டு, ‘பரசுராமா’ என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். சரித்திரத்தைப் புஸ்தகத்தில் படிப்பது வேறு. அது தலைக்கு மேல் இரைந்துகொண்டு போவதைப் பார்ப்பது வேறு. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. அந்தப் பெருமைக்கு விலையாக எவருடைய உயிரைப் பணயம் வைக்கிறோம்?

ஹண்டர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1971-ம் வருஷ யுத்தத்தில், ராஜஸ்தானப் பாலைவனத்து லோங்கேவாலாவில், பகைவரின் டாங்கிகளை மணலிலேயே எரித்து நமக்கு வெற்றி தேடித் தந்தவை ஹண்டர்கள். அதே இனத்தைச் சேர்ந்த, 1955-ல் கட்டப்பட்ட ஒரு ஹண்டர், 2015-ம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி இங்கிலாந்தில் ஷோர்ஹாம் என்னுமிடத்தில் நடந்த விமானக் காட்சியில் கரணம் அடித்தது. கரணத்தின் உச்சியில் அது குறைந்தபட்சம் 3,500 அடி உயரத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ சுமார் 2,700 அடியில். கீழ்நோக்கி வந்த விமானம் நிமிர்வதற்கு ஆகாயத்தில் இடமில்லை. பக்கத்து நெடுஞ்சாலையில் மோதி வெடித்தது. பதினொரு பேர் மாண்டனர். விமானியோ உயிர் தப்பினார். மாண்டவர் எவரும் காட்சி மைதானத்துக்குள் இருந்தவரல்லர். சாலையில் வண்டியில் சென்றவர்களும், ஓரத்தில் நின்றவர்களுமே.

இதில் கவனிக்க வேண்டியது, விமானம் பழுதாகி விழவில்லை என்பதுதான். உட்புகும் வேகம் போதவில்லை, உயரம் போதவில்லை என்றே விசாரணை அதிகாரிகள் முடிவு கூறினர். ஆயினும் சோதித்தபோது, ஆபத்தில் விமானியை வெளியே தள்ளும் ஆசனத்தின் வெடிமருந்து காலாவதியாகியிருந்ததும் தெரியவந்தது. விபத்துக்கு அது காரணமல்ல. ஆனால் பழைய யந்திரத்தைப் பேணுவதில் கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை ஓட்டைகள் விழக்கூடும் என்பதற்கு அது சாக்ஷி.

பழைய யந்திரத்தின் சங்கடங்கள் யாவை? ஒரு தகரத் துண்டை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்தால் ஒடிந்துபோகிறதல்லவா? விமானத்தின் இறகும் ஒவ்வொரு பறப்பிலும் அவ்விதமே வளைந்து நிமிர்கிறது. உள்ளே மயிரிழைபோல் விரிசல் காண்கிறது. உதிரிச் சாமான் செய்த கம்பெனிகள் மூடப்பட்டுவிடுகின்றன. செய்யத் தெரிந்த தொழிலாளரும் ஓய்வு பெற்றுவிடுகின்றனர். இங்கிலாந்தின் வல்கன் என்னும் பெரிய குண்டு விமானத்தை ஜனங்கள் பணம் திரட்டிப் பறக்க வைத்திருந்தார்கள். இனி அதற்குத் தொழில்நுட்பப் பொறுப்பு ஏற்க இயலாதென்று கம்பெனிகள் கைவிரித்தபோது, 2015-ல் அதைத் தரையில் நிறுத்திவிட்டார்கள். அது தோல்வியல்ல; விவேகம்.

‘பழையதென்றால் எல்லாமே அபாயமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள நாம் அப்படிச் சொல்லமாட்டோம். 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீரை உண்டு வாழ்கிறவர்கள் நாம். வயதாகிவிட்டதென்ற ஒரே காரணத்தால் அதைப் பலஹீனமென்று சொல்லக்கூடாதென வாதாடி வந்திருக்கிறோம். அணையைப் பலப்படுத்தியதையும் நிபுணர் சோதித்ததையும் எடுத்துக் காட்டியே, 2014-ம் வருஷம் மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் 142 அடிக்குத் தீர்ப்புப் பெற்றோம். வயது குற்றமல்ல; சோதிக்கப்படாத வயதே குற்றம். நமது அணைக்கு நாம் காட்டிய நியாயத்தையே விமானத்துக்கும் கேட்கிறோம். உணர்ச்சி சாக்ஷியாகாது; சோதனைதான் சாக்ஷி. அதோடு, அணை இருந்த இடத்தில் இருக்கிறது. விமானமோ ஜனங்களின் தலைக்கு மேல் பறக்கிறது.

யந்திரம் நன்றாயிருந்தாலும் ஏற்பாடு கெட்டால் நாசமே. 2022-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில், இரண்டாவது உலக மகா யுத்தத்து பி-17 குண்டு விமானமும் கிங்கோப்ரா சண்டை விமானமும் நடுவானில் மோதின. அறுவர் மாண்டனர். எந்த விமானம் எந்த உயரத்தில், எவ்வளவு விலகிப் பறக்க வேண்டுமென்ற திட்டத்தை முன்கூட்டியே வகுத்துச் சொல்லாததே காரணமென்று விசாரணை கூறிற்று. நம் நாட்டிலும் 2010-ம் வருஷம் மார்ச் 3-ந் தேதி ஹைதராபாத்தில் நடந்த காட்சியில், 1960-களில் உருவான கிரண் வகை விமானம் ஒன்று குடியிருப்புக் கட்டடத்தின்மேல் விழுந்து கடற்படை விமானிகள் இருவர் உயிரிழந்தனர். மெரினாவில் விமானம் எதுவும் விழவில்லை. ஆனால் வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்தார்கள். வானத்துக்குத் திட்டம் வகுத்தவர்கள் தரைக்கும் வகுத்திருக்க வேண்டாமா?

1963 முதல் சேவை செய்த மிக்-21 விமானங்கள் 2025-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி சண்டீகரில் விடைபெற்றன. நாளை அவற்றில் ஒன்றைத் திருவிழாவில் பறக்கவிடலாமென்று எவரேனும் ஆசைப்படக்கூடும். ஆகையால் நாம் சர்க்காரை வேண்டுவது இவையே. பழைய விமானங்கள் நேராக, நிதானமாகப் பறந்து செல்லட்டும். கரணமும் குட்டிக்கரணமும் அவற்றுக்கு வேண்டாம். பறக்கும் பாதை கடலின்மேலோ திறந்த வெளியின்மேலோ இருக்கட்டும். சாலையும் வீடும் அதன் கீழே இருக்கலாகாது. சந்தேகமுள்ள யந்திரம் மியூஸியத்தில் நிற்கட்டும். விமானியின் சம்மதம் மட்டும் போதாது. அவர் அபாயம் அறிந்து ஏறுகிறார். சாலையில் போகிறவர் எதற்கும் சம்மதித்தவரல்லரே!

தள்ளாத வயதுப் போர்வீரரை மேடையில் உட்காரவைத்து மாலையிடுகிறோம். குழந்தைகள் கூட்டத்தின் நடுவே வாள் வீசச் சொல்லுவதில்லை. அதனால் அவருடைய பெருமை அணுவளவும் குறைந்துவிடுவதில்லை. ஸ்ரீநகரத்தையும் லோங்கேவாலாவையும் காத்த யந்திரங்களுக்கும் அந்த மரியாதையே தகும். தேசத்தின் உயிர்களைக் காக்கப் பிறந்தவை அவை. அவற்றின் பெயரால் ஓர் உயிரும் வீணாகப் போகலாகாது.