வைக்கோல் தின்றும் மாடு மெலிவதேன்?

கிழக்கில் கோடை வந்து மேய்ச்சல் தரை காய்ந்ததும் பட்டிக்காரர் வைக்கோலையே நம்புகின்றனர். வயிறு நிறையத் தின்றும் மாடு மெலிகிறது. விற்கும்போது எடை குறைவு. நட்டம் முதல் போட்ட வியாபாரிக்கே.

குறை புரதத்தில் இருக்கிறது. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கச் செய்கின்றன. அவற்றுக்குத் தீவனத்தில் ஏறக்குறைய 7 வீதம் புரதம் வேண்டும். வைக்கோலில் இருப்பதோ 4 வீதமளவில்தான். இதைச் சரிசெய்யாமல் சோளத்தையும் குறுணலையும் அள்ளிக் கொடுத்தால் நார் செரிப்பது மேலும் குறையும். முதலில் புரதம், பிறகே சக்தி.

தேங்காய்ப் புண்ணாக்கில் சுமார் 20 வீதமும் அரிசித் தவிட்டில் சுமார் 12 வீதமும் புரதம் உண்டு. மூடை விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். புண்ணாக்கு கிலோ 100 ரூபா, தவிடு 75 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ புரதம் புண்ணாக்கில் 500 ரூபா, தவிட்டில் 625 ரூபா! வேலியில் நிற்கும் கிளிரிசீடியா இலையிலும், ஈரம் நீங்கிய உலர் எடையில் பார்த்தால், புண்ணாக்களவு புரதம் உண்டு. அதற்குக் காசு தேவையில்லை.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் பத்து நாட்கள் மூடிவைப்பதும் நல்ல வழியே. ஆனால் கரைசலை மாடு நேரே குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இவ்வைக்கோலைக் கொடுக்கவே கூடாது.